மூடுகிற ஆள்

விசில் சத்தம் கேட்டதும் அக்கா கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“ஏண்டா, இப்பத்தான் ஒரு வாய் குடிச்சேன்.”

“பேசாம வெளியே போக்கா. வீடு பத்திக்கிட்டு எரியுது.”

“எரியட்டும். காபி ஆறாம இருக்கும்.”

“அக்கா!”

“போறேண்டா, போறேன். முட்டி வலிக்காரிய ஓட வைக்கிற பாவம் உன்னச் சும்மா விடாது.”

தம்பி ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குச் ‘சேஃப்டி’ என்று பெயர். பால்காரர்கூட “சேஃப்டி வீட்டுக்கு ரெண்டு லிட்டர்” என்றுதான் சொல்வார். வேலையை விட்டு வந்த அன்று மேசைச் சாவி, தொப்பி, மஞ்சள் சட்டை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, விசிலை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகு வீட்டில் விபத்துக்குப் பஞ்சமே இல்லாமல் பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் நெருப்பு, ஒரு வாரம் வெள்ளம், ஒரு வாரம் நிலநடுக்கம். வாசல் பக்கத்துச் சுவரில் ஆளுக்கொரு பை தொங்கியது. அதற்குள் டார்ச், மாற்றுத்துணி, மாத்திரை, பிஸ்கட். மனைவிக்கு மட்டும் பை கிடையாது. அவள் கை காலியாக இருக்க வேண்டும், வேலை இருக்கிறது என்றார்.

உண்மையில் அந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் சின்னத் தொல்லைகள்தான். மின்சாரம் போகும், குழாயில் காற்று மட்டும் வரும், சமைத்துக்கொண்டிருக்கும்போதே கேஸ் தீரும். அவற்றுக்கு யாரும் விசில் ஊதியதில்லை. தண்ணீர் வராத காலையில் பின்கட்டு டிரம்கள் விளிம்பு வரை நிறைந்திருக்கும். விளக்கு அணைந்தால் மெழுகுவர்த்தி ஏற்கெனவே அலமாரி முனையில் நின்றுகொண்டிருக்கும். மாற்று சிலிண்டர் கதவோரம் காத்திருக்கும். இதெல்லாம் வெயில் மழை மாதிரி தானாக நடப்பதாகவே அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாதுகாப்பு மேற்பார்வையாளரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அன்றைய ஒத்திகையில் எல்லோரும் எதிர்வீட்டு மதில் ஓரம் போய் நின்றார்கள். மகன் ஒரு கையால் பையைத் தூக்கியபடி மறு கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தான். மருமகள் தலையில் துவாலையோடு வந்தாள், குளியலைப் பாதியில் விட்டு ஓடிவந்தவள். எதிர்வீட்டம்மா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, “இன்னிக்கு என்னம்மா, நெருப்பா தண்ணியா?” என்று கேட்டாள்.

“நெருப்புங்க,” என்றாள் மருமகள். “தண்ணின்னா முழுசா குளிச்சிட்டு வந்திருப்பேன்.”

அவர் தன் நெஞ்சைத் தொட்டு, “ஒண்ணு” என்றார். அக்காவைக் காட்டி இரண்டு, மகனைக் காட்டி மூன்று, மருமகளைக் காட்டி நான்கு. “சரி. எல்லாரும் வந்தாச்சு.”

“உன் பொண்டாட்டி?” என்றாள் அக்கா.

“அவ எண்ணிக்கையில வரமாட்டாக்கா.”

“ஏன், அவ என்ன தகரத்துல செஞ்சவளா?”

“சொல்றத முழுசாக் கேளு. ஃபேக்டரில மணி அடிச்சதும் எல்லாரும் மைதானத்துக்கு வந்துருவாங்க. ஒருத்தன் மட்டும் உள்ள நின்னு வால்வு, மெயின் ஸ்விட்ச் எல்லாத்தையும் மூடிட்டு வருவான். மூடுற ஆள்னு பேரு. அவன் என் வரிசையில வந்து நிக்கமாட்டான். நேரா கேட் ஆபீசுக்குப் போயி, மூடியாச்சு சார்னு சொல்லுவான். அவன அங்க எண்ணிக்குவாங்க. நானும் எண்ணினா கணக்குல ஒரு ஆள் கூடிரும். இங்க அவதான் மூடுற ஆள்.”

“அதெல்லாம் சரி. இந்தத் தெருவுல கேட் ஆபீஸ் எங்கடா இருக்கு?”

மகன் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“நான்தான் கேட் ஆபீசும்.”

“அப்ப அந்த ஆபீசுல ஒரு தடவ உக்காந்து எண்ணிடு.”

“அவளா வந்து சொல்லுவாக்கா. சொல்லாம எங்க போயிடப் போறா?”

அதற்குள் அவள் வந்துவிட்டாள். கேஸை மூடி, மோட்டாரை நிறுத்தி, மெயின் ஸ்விட்சை இறக்கி, ஸ்டூல் போட்டு ஏறிப் பின்ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

“மூடியாச்சுங்க.”

“லேட்டு,” என்றார் அவர்.

“கேஸ் குமிழ் இறுகிக் கிடக்கு. ரெண்டு கையும் போட வேண்டியிருக்கு.”

“நெருப்புக்கு அதெல்லாம் தெரியாது.”

“நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் அதோட அவ்வளவு நாள் பழக்கமாச்சே.”

எதிர்வீட்டம்மா ஜன்னலுக்குள் சிரித்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் போய் வாசல் கதவைப் பூட்டினார். அதுவும் ஒத்திகையில் சேர்ந்ததுதான். வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகக்கூடாது. பர்ஸை எடுக்கவும் செருப்பை எடுக்கவும் திரும்பிப் போகிறவன்தான் சாகிறவன் என்று அவர் தொழிற்சாலையில் பாடம் எடுத்திருக்கிறார்.

பிறகு ஒரு விடுமுறை நாள் மதியத்தில் நிஜமாகவே நெருப்பு வந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி குடோன். மதிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்துதான். முதலில் கருகல் வாசனை வந்தது. “அடுப்புல என்னத்த விட்ட?” என்று கூடத்திலிருந்து அவர் கேட்டார். “அடுப்பே பத்த வைக்கல,” என்று சமையலறையிலிருந்து அவள் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, பின்ஜன்னல் முழுக்கப் புகை.

விசில் ஊதினார். அக்கா இந்தத் தடவை எதுவும் பேசவில்லை. சொந்த மருமகனே வீட்டுக்கு வருகிறார் என்றால்கூட அசையாத முட்டியோடு முதல் ஆளாக வாசலைத் தாண்டினாள். மகன் பையோடு ஓடினான். மருமகள் ஓடினாள். தெருவெல்லாம் கதவு திறக்கிற சத்தம், “எங்க, எங்க” என்ற சத்தம். அவர் எதிர்வீட்டு மதிலோரம் நின்று நான்கு வரை எண்ணினார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“ஐயோ, என் போன்! சார்ஜ் போட்டிருந்தேன்!” என்று மருமகள் திரும்பினாள்.

“நில்லு! திரும்பப் போகாதே!”

“ரெண்டே செகண்ட், மாமா.”

“எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!” அவளைத் தள்ளாத குறையாகத் தாண்டிப் போய், கதவை இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஒத்திகையில் எப்படியோ அப்படியே.

உள்ளே அவள் கேஸ் குமிழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது திரும்பியதும் மோட்டார், பிறகு மெயின் ஸ்விட்ச். ஸ்டூலில் ஏறிக் கடைசி ஜன்னலைச் சாத்தும்போது கண்ணாடி கையைச் சுட்டது. கண் எரிந்தது. சுவரைத் தடவித் தடவிக் கூடத்துக்கு வந்து வாசல் கதவை இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

வெளியே கனமான காலணிச் சத்தம் படியேறி வந்தது. கதவை யாரோ தட்டினார்கள்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” தெரியாத குரல். தீயணைப்புக்காரர்.

தட்டுவதற்கு அவளும் கையைத் தூக்கினாள். அதற்குள் அவள் கணவரின் குரல் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழம்கூட இருக்காது.

“யாரும் இல்லைங்க. நான்தான் பூட்டினேன்.”

“நல்லாத் தெரியுமா சார்?”

“நான் ஃபேக்டரி சேஃப்டில இருந்தவன். எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். எல்லாரும் வெளியே இருக்கோம். உள்ள யாருமே இல்லை. நீங்க போயி குடோனப் பாருங்க.”

காலணிச் சத்தம் இறங்கிப் போனது.

தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. கதவைத் தட்டினால் போதும். ‘நான் இருக்கேன்’ என்று ஒரு வார்த்தை போதும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குரலில் கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லையே. ‘இருங்க, இருங்க’ என்று ஒரு இழுப்பு, ஒரு தொண்டைச் செருமல், ஒன்றுமே இல்லையே. யாராவது ஒருத்தர் கேட்கட்டும் என்று நினைத்தாள். ஒரே ஒருத்தர். மகன் கேட்பான். இப்போது கேட்பான்.

மகனின் குரல் கேட்டது. “அப்பா, காரை அந்த முக்குக்கு நகத்திடவா? புகை படியுது.”

“நகத்து, நகத்து.”

மருமகளின் குரல். “மாமா, போன் உருகிடுமா? எல்லா போட்டோவும் அதுலதான் இருக்கு.”

“உயிர் போகலையே, போன் போனா வாங்கிக்கலாம்.”

எதிர்வீட்டுக்காரர் அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அக்கா உட்கார்ந்து, கடவுளைத் திட்டினாள். குடோன்காரனைத் திட்டினாள்.

பின்பக்கக் கதவுக்கு அடியிலிருந்து புகை தவழ்ந்து கூடத்துக்கு வந்தது. அவள் குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். புகை மேலேதான் போகும், தரையோடு இருக்க வேண்டும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வாசல் கதவோரம் தரையில் உட்கார்ந்து, கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் சொல்லிக் கொடுத்ததில் அது நிஜமாகவே உதவியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த இடுக்கில் காற்றோடு தெருவும் வந்தது. யார் யாருடைய செருப்பு கிடைக்கவில்லை, எந்த முக்கில் தண்ணீர் வண்டி நிற்கிறது, குடோன்காரன் காப்பீடு செய்திருக்கிறானா இல்லையா என்று எல்லாம் கேட்டது. “உங்க வீட்டைப் பாருங்க சார், என்ன ஒழுங்கு! நாங்கதான் தலையில அடிச்சிட்டு ஓடினோம்,” என்று யாரோ சொன்னார்கள். “எல்லாம் பயிற்சிதாங்க,” என்றார் அவர்.

அவள் காத்திருந்தாள். இருமல் வந்தபோது துண்டைக் கடித்துக்கொண்டாள். இருமலில் தெரிந்துவிடக்கூடாது. தெரிந்தால் அது அவர்களாகக் கேட்டதாகாது.

நெருப்பு ஒருவழியாக அடங்கியது. கூட்டம் கலைகிற முனகல். அதற்கு நடுவில் அவர் குரல், உரக்க, களைப்பாக.

“ஏய், கொஞ்சம் தண்ணி கொண்டா!”

கேட்டதும் அவள் கால் தானாக எழுந்தது. அப்புறம்தான் கதவு பூட்டியிருப்பது ஞாபகம் வந்தது.

அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

“தண்ணி கேட்டேனே, காதுல விழலையா?”

“யார்கிட்டடா கேக்கற?” என்றாள் அக்கா.

பிறகு நாற்காலி விழுகிற சத்தம், ஓடுகிற செருப்புகள். “ஐயோ அம்மா!” என்று மகன். சாவி பூட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் கதவில் கீறியது.

கதவு திறந்தபோது அவள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன. உயிரோடுதான் இருந்தாள்.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முதலில் வந்த வார்த்தை இதுதான்: “ஏன் குரல் குடுக்கல நீ?”

அவள் துண்டை அவிழ்த்தாள்.

“சொம்புல தண்ணி இருக்கு. எடுத்துக்குங்க.”

மருத்துவமனையில் மூச்சுக்குழாயைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, இரண்டு நாள் இருமல் இருக்கும் என்றார்கள். இரண்டு நாளும் வீட்டில் அதே பேச்சுதான்.

“ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லம்மா,” என்றான் மகன். அழுகிற மாதிரி இருந்தது அவன் முகம். “நாங்க பக்கத்துலதான நின்னோம்.”

“கதவையாவது தட்டியிருக்கலாம் அத்தை,” என்றாள் மருமகள். “எங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா?”

“உங்களுக்கா?” என்றாள் அவள்.

“பின்ன? ஏதாவது ஆகியிருந்தா நாங்க எந்த முகத்தோட…”

“கேக்க மறந்தவங்க குத்தமில்லை, கத்தாதவ குத்தம். அப்படித்தான?” என்று அக்கா குறுக்கே விழுந்தாள். “என்னையும் சேத்துத்தான் சொல்றேன். அவ உள்ள கிடந்தா, நான் எதிர்வீட்டுல காபி கிடைக்குமான்னு கேட்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.”

“அண்ணி, விடுங்க.”

“நீ விடுவே. உனக்கு விட்டுத்தான பழக்கம்.”

அவர் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார்.

“தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். மூடுற ஆள் வந்து சொல்றதுக்கு முன்னாடி கதவைப் பூட்டியிருக்கக்கூடாது. திட்டத்துல குறையில்லை. வரிசையிலதான் குறை.”

“அவ்வளவுதானா?” என்றாள் அக்கா.

“வேற என்னக்கா? இதை யாரும் மனசுல வச்சிக்கக்கூடாது. இவளுக்கு உடம்பு சரியில்லாததால மூடுற வேலையை வேற ஒருத்தர் எடுத்துக்கட்டும்.” மகனைப் பார்த்தார். “நீ?”

“அப்பா, நான் பாதி நாள் வீட்லயே இருக்கமாட்டேனே.”

மருமகளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். “மாமா, அந்த ஸ்டூல்ல ஏறினா எனக்குத் தலை சுத்தும். அதுவும் இல்லாம… தப்பா நினைக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு. உள்ள மாட்டிக்கிட்டா?”

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எல்லோரும் ஒவ்வொரு பக்கம் பார்த்தார்கள். யாரும் மாமியாரைப் பார்க்கவில்லை.

“நான் எடுத்துக்கறேண்டா,” என்றாள் அக்கா. “முட்டி மடங்காது. ஸ்டூல்ல ஏத்தி விட்டுட்டுப் போயிடுங்க. நெருப்பு வந்து இறக்கி விடட்டும்.”

“விளையாடாதக்கா.” அவர் மனைவி பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. தொழிற்சாலையில் யாரையாவது இன்னொரு ஷிப்டுக்கு நிற்கச் சொல்லும்போது வருகிற குரல். “உன் அளவுக்கு யாருக்கும் இது பழக்கமில்லை. நீயே பாத்துக்கிட்டா நல்லது. இனிமே நான் உன்னையும் எண்ணுவேன். நீ அஞ்சு.”

“அஞ்சா?”

“கடைசியா வர்றதால அஞ்சு.”

அவள் கொஞ்சநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கண்ணாடி சுட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. “சரிங்க,” என்றாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

தெருவில் சேஃப்டி வீட்டுக் கதை இரண்டாகப் பிரிந்து பரவியிருந்தது. ஆண்கள் சொன்ன கதையில் ஒரு வீட்டுக்காரர் கண் இமைக்கும் நேரத்தில் குடும்பத்தை வெளியே கொண்டுவந்துவிட்டார். பெண்கள் சொன்ன கதை வேறு. அதைத் தண்ணீர்க் குழாயடியில் மட்டும் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு முதல் கதைதான் போய்ச் சேர்ந்தது. எல்லா வீடுகளுக்கும் பயிற்சி தர வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டார்கள்.

சங்கக் கட்டடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தெருவே வந்திருந்தது. அவள் பின்வரிசையில் எதிர்வீட்டம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அருமையாகப் பேசினார். எதையும் மறைக்கவில்லை. “எங்க வீட்லயே ஒரு சின்னக் குறை நடந்துருச்சு. மூடுற ஆள் வெளியே வர்றதுக்கு முன்னாடி கதவைப் பூட்டிட்டேன். அவங்களும் குரல் குடுக்கல. ரெண்டு பக்கமும் தப்பு,” என்றார். ஒளிவுமறைவில்லாத மனுஷன் என்று முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

“இப்ப ஒவ்வொரு வீட்லயும் மூடுற ஆள் யாருன்னு முடிவு பண்ணிக்கணும். நிதானமான ஆளா இருக்கணும். வீட்ல எது எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளா இருக்கணும். பதறிப்போயி முதல்ல வெளியே ஓடற ஆளா இருக்கக்கூடாது. யாருன்னு சொல்லுங்க பாப்போம்.”

“எங்க வீட்ல இவதாங்க,” என்று ஒருவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு, எங்கம்மாதான்,” என்றான் ஒரு வாலிபன்.

“என் சம்சாரம்.”

“எங்க வீட்லயும் அதே.”

வரிசை வரிசையாகக் கைகள் பக்கவாட்டில் நீண்டன. சங்கச் செயலாளர் மேடையிலிருந்தே கூட்டத்துக்குள் தன் மனைவியைத் தேடி, “அதோ, பச்சைப் புடவை,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பச்சைப் புடவையும் சிரித்தாள், கொஞ்சம் பெருமையாகக்கூட.

எதிர்வீட்டம்மாவின் கணவர் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலால் பின்னால் காட்டினார். எதிர்வீட்டம்மா சிரித்துக்கொண்டே அவள் பக்கம் குனிந்தாள்.

“பாத்தீங்களா, என்னையும் மாட்டி விட்டுட்டார். ஆமா, நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நீங்க ஏங்க கத்தல? ஒரு கதவுதான நடுவுல?”

அவள் மேடையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று முகத்தில் இருந்தது.

“அவர் அவ்வளவு உறுதியாச் சொன்னாருங்க, உள்ள யாருமே இல்லைன்னு. அந்தக் குரலக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோணிப்போச்சு.”

எதிர்வீட்டம்மா சிரிக்க வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்த முகத்தைச் சரியாகப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். முன்வரிசையில் அவள் கணவர் இன்னும் கட்டைவிரலை மடக்கவில்லை.